ஞாயிற்றுக்கிழமை மட்டும் இறங்கிய சர்க்கரை

அண்ணியின் வலது கண்ணில் புரை விழுந்திருப்பதை முதலில் கண்டுபிடித்தது ஒரு வைக்கோல் போர். அறுப்பு முடிந்ததும் ஏரிக்கரைத் திருப்பத்தில் வருஷா வருஷம் அதே இடத்தில்தான் அதைப் போடுவார்கள். அந்த வழியாகக் காலையும் மாலையும் பால் சொசைட்டிக்கு ஸ்கூட்டியில் போய்வருகிறவர் அண்ணி. ஒரு நாள் காலை வண்டியோடு போருக்குள் போய்விட்டார். கேன் கவிழ்ந்து பால் தரையில் ஓடியது. அண்ணிக்குச் சிராய்ப்புகூட இல்லை. ஓடிப்போய்த் தூக்கிவிட்டவர்களிடம், "இத்த எவன்டா ரோட்டு மேல கொண்டாந்து போட்டது?" என்று கேட்டிருக்கிறார். போர் ரோட்டிலிருந்து எட்டடி தள்ளி இருந்தது.

அன்றோடு அண்ணி வண்டி ஓட்டுவது நின்றது. பாலும் அவரும் அண்ணனின் மோட்டார் சைக்கிளில் போக ஆரம்பித்தார்கள். அண்ணன் வண்டி ஓட்டும் வேகத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். எங்கள் தெரு நாய்கள் எல்லா வண்டிகளையும் துரத்தும். அண்ணனின் வண்டியோடு மட்டும் பக்கத்திலேயே நடந்து வரும். நாற்பத்தைந்து வயதில் பிடிவாதமாக ஸ்கூட்டி கற்றுக்கொண்டு, பன்னிரண்டு வருஷமாக யாரையும் எதிர்பார்க்காமல் போய்வந்த மனுஷிக்கு இது பெரிய தண்டனை.

"பின்னாடி குந்திகினு போறதுக்கு நடந்தே பூடலாம் தம்பி. சொசைட்டிக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள பால் தயிராப் பூடும் போல கீது" என்றார் என்னிடம்.

கண் மருத்துவர் பார்த்தார். சின்ன ஆபரேஷன்தான், பயப்பட ஒன்றுமில்லை என்றார். "முடிஞ்சா வண்டி ஓட்டலாமா?" அண்ணி அவரிடம் கேட்ட ஒரே கேள்வி அதுதான். தாராளமாக ஓட்டலாம் என்று சொல்லிவிட்டு, வழக்கப்படி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். வெறும் வயிற்றில் இருநூற்று நாற்பது. யாரிடமும் சொல்லாமல் சர்க்கரை வந்து குடியேறியிருந்தது. சர்க்கரை மருத்துவர் ஒருவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். கண் மருத்துவர் நான்கு வாரம் கழித்து ஒரு தேதி கொடுத்தார். அதற்குள் வெறும் வயிற்றுச் சர்க்கரை நூற்றைம்பதுக்குக் கீழே வந்தால் ஆபரேஷன். வராவிட்டால் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். கடைசி எங்கே இருக்கிறது என்று அங்கே யாராலும் சொல்ல முடியவில்லை.

இந்த இடத்தில் நான் உள்ளே நுழைகிறேன். யாரும் கூப்பிடவில்லை.

நான் ஒரு மாதப் பத்திரிகையில் அன்றாடச் சாப்பாட்டின் அறிவியலைப் பற்றி எழுதுகிறவன். வெங்காயம் ஏன் கண்ணைக் கரிக்கிறது, பாகற்காய்க்குக் கசப்பு எதற்கு, மார்கழியில் இட்லி மாவு ஏன் பொங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். பொங்க வைக்கத் தெரியாது. அது என் மனைவிக்குத் தெரியும். அண்ணன் வீடும் என் வீடும் ஒரே வீட்டின் நடுவில் சுவர் எழுப்பிப் பிரித்தவை. அதனால் என் அறிவு அந்தப் பக்கம் போக அதிக நேரம் ஆகாது.

முதல் நாளே போய்க் கண் புரையை விளக்கினேன். முட்டையின் வெள்ளைக்கரு வேகும்போது எப்படி வெளுக்கிறதோ, அதுபோலக் கண்ணின் வில்லைக்குள் இருக்கும் புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தெளிவை இழக்கின்றன என்றேன்.

"அப்ப என் கண்ணு அவிஞ்சி பூட்ச்சின்ற" என்றார் அண்ணி.

"அப்படி இல்ல அண்ணி..."

"சொல்லு, சொல்லு. இத்தினி வருசம் சோறு போட்டதுக்கு நல்லாச் சொல்ற."

அடுத்து சோற்றுக்கு வந்தேன். வடித்த சோற்றை நன்றாகக் குளிரவிட்டால் அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி இறுகிக்கொள்ளும். குடலால் அதைச் சட்டென்று சர்க்கரையாக உடைக்க முடியாது. மறுபடி சூடுபண்ணினாலும் அந்தக் குணம் முழுக்கப் போய்விடுவதில்லை. இதைப் படம் போட்டுக் கால் மணி நேரம் விளக்கினேன். அண்ணி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பழைய சோறுன்னு சொல்ல வேண்டியதுதான? அதுக்கா இவ்ளோ நேரம்?" என்றார். என்றாலும் ஒப்புக்கொண்டார். முதலில் காய், பிறகு மீனோ முட்டையோ, கடைசியில் கொஞ்சம் சோறு என்ற வரிசைக்கும் ஒப்புக்கொண்டார். சாப்பிட்டதும் பத்து நிமிஷம் நடக்கச் சொன்னேன். நடந்தார். எதைச் சொன்னாலும் செய்தார். ஸ்கூட்டிக்காக அந்த மனுஷி இன்னும் என்னென்னவோ செய்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது.

வீட்டிலேயே சோதிக்கும் கருவி ஒன்று வாங்கினேன். விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைச் சோதனைப் பட்டையின் நுனியில் வைத்தால் ஐந்து விநாடியில் எண் வரும். உள்ளே நடப்பது அழகான வேதியியல். பட்டையில் தடவியிருக்கும் நொதி ரத்தத்திலிருக்கும் குளுக்கோஸோடு மட்டும் வினைபுரியும். அதில் பிறக்கும் துளி மின்சாரத்தைக் கருவி அளந்து எண்ணாக மாற்றும். கூட வந்த காகிதத்தை ஒரு வரி விடாமல் படித்தேன். சோதனைக்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்க வேண்டும் என்று முதல் வரியிலேயே இருந்தது. இந்த விஷயத்தில் நான் கண்டிப்பாக இருந்தேன். தினம் காலை ஆறு மணிக்கு அண்ணி என் எதிரிலேயே இரண்டு முறை கை கழுவி, கொடியிலிருந்து எடுத்த துவைத்த துண்டில் துடைத்துக்கொண்டு வந்து உட்காருவார்.

சிக்கல் அண்ணனால் வந்தது. கரும்பு வெட்டுவார், கோழி அறுப்பார், அருவாளில் காலைக் கிழித்துக்கொண்டவனைத் தூக்கிக்கொண்டு ஓடுவார் என்று நீங்கள் நினைக்கக்கூடிய உடம்பு. முதல் இரண்டும் சரி. மனுஷ ரத்தம் கடுகளவு பார்த்தாலும் ஆள் சரிந்துவிடுவார். "வெளிய போய் நில்லுண்ணா" என்றால் கேட்க மாட்டார். "எம் பொண்டாட்டி ரத்தம்டா. நான் பாக்காம எவன் பாக்கறது?" என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

இதற்கு எங்கள் குடும்பத்தில் பரம்பரை வைத்தியம் உண்டு. வெல்லம். கரும்பு விளைகிற ஊரில் வெல்லத்தால் ஆகாதது எதுவுமில்லை. மாடு கன்று போட்டால் வெல்லம், வெயிலில் மயங்கினால் வெல்லம், பரீட்சைக்குப் போனால் வெல்லம். எனவே ஆறு மணிக்கு நடைமுறை இப்படி இருந்தது: அச்சு வெல்லத்தில் ஒரு மூலையை நான் உடைத்து அண்ணனின் வாயில் போடுவேன், அவர் அதைக் கடவாயில் ஒதுக்கிக்கொண்டு தைரியமாவார், நான் அண்ணியின் விரலைக் குத்தி, நுனியை அழுத்தி, சொட்டை வரவழைப்பேன்.

முதல் நாள் எண் இருநூற்று எண்பத்தேழு. மறுநாள் முந்நூற்றுப் பன்னிரண்டு. அதற்கும் மறுநாள் இருநூற்று அறுபத்து நான்கு. மாத்திரை போட்டும், பழைய சோற்றை அளந்து சாப்பிட்டும், ஆஸ்பத்திரியில் இருந்ததைவிட ஏறிக்கொண்டிருந்தது. நான் சோற்றைப் பாதியாகக் குறைத்தேன். பிறகு அதிலும் பாதி. அண்ணியின் தட்டில் கடைசியில் மிஞ்சிய சோற்றை எறும்புக்குப் போட்டிருந்தால் அது இன்னும் கொஞ்சம் கேட்டிருக்கும்.

ஒரு நோட்டில் எல்லா எண்களையும் எழுதி வரைபடமும் போட்டேன். இரண்டு வாரம் ஆனதும் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. வாரம் முழுக்க மலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பள்ளம். முதல் ஞாயிறு நூற்று ஐம்பத்தாறு, அடுத்த ஞாயிறு நூற்று முப்பத்தொன்று. திங்கட்கிழமை மறுபடி முந்நூறு.

இப்படி ஒரு புதிர் என் வாழ்க்கையில் அதுவரை வந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை அப்படி என்ன நடக்கிறது? சனிக்கிழமை ராத்திரி சாப்பாட்டில் வித்தியாசம் இல்லை. தூக்கமும் அதே நேரம்தான். மாறுவது ஒன்றே ஒன்று. ஞாயிறு விடிகாலையில் அண்ணன் மீன் வாங்க நல்லவாடு கடற்கரைக்குப் போய்விடுவார். படகு கரைக்கு வரும் நேரத்துக்கு அங்கே இருந்தால்தான் நல்ல மீன் என்பது அவர் கொள்கை. அதாவது, கணவர் வீட்டில் இல்லாத காலையில் மனைவிக்குச் சர்க்கரை இறங்குகிறது.

மனசுக்கு நெருக்கடி வந்தால் உடம்பில் சில சுரப்பு நீர்கள் பெருகி, கல்லீரல் சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரையை ரத்தத்தில் கொட்டும். இது உண்மையான அறிவியல், நானே எழுதியிருக்கிறேன். நோட்டை எடுத்துக்கொண்டு போய் இரண்டு வீட்டாரையும் உட்கார வைத்து அறிவித்தேன்.

அண்ணியின் முகம் மலர்ந்தது. "இத்தத்தான் நான் முப்பது வருசமா சொல்லிகினு கீறேன். யாராவது கேட்டீங்களா?"

"டேய், நான் இன்னாடா பண்ணேன்? சும்மா செவுத்தைப் புடிச்சிகினு நிக்கிறேன்" என்றார் அண்ணன்.

"நீ நிக்கிறதுதான்யா பிரச்சனை. தம்பி படிச்சிட்டுச் சொல்லுது பாரு."

என் மனைவி நோட்டை வாங்கிப் பார்த்தாள். "அப்படின்னா எனக்கு இந்நேரம் ஐந்நூறு இருக்கணுமே" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள்.

எந்தக் கோட்பாட்டையும் சோதித்துப் பார்க்க வேண்டும். புதன்கிழமை காலை அண்ணனைத் தெருவில் நிறுத்தினேன். அவர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். ஊசியை எடுத்ததும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "டேய், கண்ணு இருட்டுதுடா" என்றார். வழக்கம்போல வெல்லத்தை உடைத்துக் கம்பி வழியாக ஊட்டினேன். பிறகு குத்தினேன். முந்நூற்று ஒன்று. ஜன்னலளவு தூரம் போதாது என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். இதை எழுதியது நான்தான். கையெழுத்து என்னுடையது.

ஆபரேஷனுக்குப் பத்து நாள் இருந்தது. அண்ணியின் பேச்சு குறைந்தது. சொசைட்டிக்குப் போய்வந்தால் அப்படியே உட்கார்ந்துவிடுவார். "இவ்ளோ பண்ணியும் எறங்கலன்னா அவ்ளோதான் போல கீது" என்று ஒரு தடவை சொன்னார். நான் நோட்டின் பக்கங்களைப் படம் பிடித்துச் சர்க்கரை மருத்துவருக்கு வாட்ஸாப்பில் அனுப்பினேன். ராத்திரி வேளைக்கு இன்னொரு மாத்திரை சேர்க்கச் சொல்லிப் பதில் வந்தது. அதற்குக் கீழே, மறுநாளே லேபில் ஒருமுறை ரத்தம் கொடுத்துப் பார்த்துவிடுங்கள் என்றும் இருந்தது. அதை நான் பொருட்படுத்தவில்லை. பதினாறு நாள் எண்களும் வரைபடமும் கையில் இருக்கும்போது லேப் எதற்கு?

புது மாத்திரை தொடங்கிய பிறகு அண்ணிக்குக் கை நடுங்கியது. பசிக்கிறது பசிக்கிறது என்றார். கழுத்தெல்லாம் வேர்த்தது. சர்க்கரை அதிகமாக இருந்து பழகிய உடம்பு குறையத் தொடங்கும்போது இப்படிச் சிலருக்குப் படபடக்கும் என்று எங்கோ படித்திருந்தேன். படித்ததைச் சொன்னேன். அதை எழுதியவர்கள் அண்ணியைப் பார்த்திருக்கவில்லை என்பது எனக்கு அப்போது பெரிதாகத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை காலை கை கழுவ எழுந்தவர் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். ரவிக்கை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. "தம்பி, ஒரு டீ குடேன். சக்கரை போட்டு" என்றார். வார்த்தை குழறியது. என் மனைவியே வாளியில் தண்ணீர் கொண்டுவந்து அவர் கையைக் கழுவித் துடைத்துவிட்டாள். அண்ணனின் வாயில் வெல்லம் போட்டேன். குத்தினேன். இருநூற்று எழுபத்து நான்கு.

"சக்கரை கூடாது அண்ணி. ஏற்கெனவே எகிறிக் கிடக்கு" என்று சர்க்கரை டப்பாவை எடுத்து மேல் அலமாரியில் வைத்தேன்.

என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். "ஏங்க, அக்கா மொகத்தப் பாருங்க, அந்த மெஷினப் பாக்காதீங்க" என்று சொல்லிவிட்டு ஓடினாள். எங்கள் தெருக் கோடியில் துணைச் சுகாதார நிலையத்து சிஸ்டர் ஒருவர் குடியிருக்கிறார். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவரைக் கைப்பையோடு இழுத்துக்கொண்டு வந்தாள்.

சிஸ்டர் அண்ணியின் நெற்றியைத் தொட்டார். தன் பையிலிருந்த கருவியை எடுத்துத் தானே குத்திப் பார்த்தார். ஐம்பத்தெட்டு. "சக்கரத் தண்ணி கொண்டாங்க, சீக்கிரம்!" என்றார். நான் அலமாரியிலிருந்து டப்பாவை இறக்கினேன்.

அண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போதே நான், "சிஸ்டர், உங்க மெஷின் பழசு. என்னோடதுல இப்பத்தான் இருநூத்தி எழுபத்து நாலு" என்றேன். அந்த நிலைமையிலும் சொன்னேன்.

சிஸ்டர் என் கருவியை வாங்கி, என் பெட்டியிலிருந்தே ஒரு பட்டையை எடுத்துப் போட்டு, அண்ணியின் அடுத்த விரலைக் குத்தினார். அறுபத்து மூன்று.

"இப்ப நீங்க எடுங்க சார்."

நான் எடுத்தேன். அதே கருவி, அதே கை, பக்கத்து விரல். நுனியை அழுத்திச் சொட்டை வரவழைத்தேன். இருநூற்றுத் தொண்ணூறு.

அண்ணன் வெல்லத்தை மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது. சிஸ்டர் அவரைப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துத் திருப்பி, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து அழுத்திப் பிரித்தார். பிசுக்கென்று ஒட்டிப் பிரிந்தன.

"தினம் இப்படித்தானா சார்?"

"அண்ணனுக்கு மயக்கம் வரும் சிஸ்டர்..."

"கைய யாரு கழுவுனாங்க?"

"அண்ணி. ரெண்டு தடவை."

"நீங்க?"

வெல்லத்தில் கரும்புச் சர்க்கரையோடு கொஞ்சம் குளுக்கோஸும் கலந்தே இருக்கும். பாகு காயும்போதே அது உருவாகிவிடும். பட்டை உறிஞ்சும் ரத்தமோ கடுகை விடச் சிறியது. அதில் கண்ணுக்குத் தெரியாத வெல்லத் தூசு கலந்தாலே போதும், எண் எகிறிவிடும். இவ்வளவும் எனக்கு அந்த நொடியில் வரிசையாக ஞாபகம் வந்தது. கட்டுரையாக எழுதச் சொல்லியிருந்தால் முன்பே எழுதியிருப்பேன். காகிதத்தின் முதல் வரியில் கையைக் கழுவ வேண்டும் என்றுதான் இருந்தது. யார் கையை என்று அதில் இல்லை. சொல்ல வேண்டிய அவசியம் இருக்கும் என்று அதைத் தயாரித்தவர்களுக்குத் தோன்றியிருக்காது.

சிஸ்டர் என் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். மலைகளையும் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளங்களையும் நிதானமாகப் பார்த்தார்.

"இதுல அக்காவுக்குச் சக்கரை எவ்ளோன்னு இல்ல சார். உங்க வெரல்ல வெல்லம் எவ்ளோன்னு கீது" என்றார்.

அண்ணன் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு நிமிர்ந்தார். "அப்ப என்னால ஏறல?"

"உன்னாலதான்யா ஏறுச்சி" என்றார் அண்ணி. குரல் கொஞ்சம் தெளிந்திருந்தது. "நீ வெல்லம் துன்னாம நின்னிருந்தா இத்தினி நாளு நான் ஏன் பட்னி கெடக்கறேன்?" பிறகு என் பக்கம் திரும்பினார். நான் திட்டுக்குத் தயாரானேன். "தம்பி, இட்லி கொண்டாரச் சொல்லு. நாலு" என்றார்.

அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். பதினைந்து நாளுக்கும் மேலாக, இறங்கிக்கொண்டிருந்த சர்க்கரையை இன்னும் இறக்கு இன்னும் இறக்கு என்று பட்டினி போட்டு, மாத்திரையும் கூட்டி, கடைசியில் டப்பாவை எட்டாத உயரத்தில் தூக்கி வைத்தவன் நான். என் மனைவி ஓடியிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இரண்டு வீட்டிலும் யாரும் இன்றுவரை சொல்லிக்காட்டவில்லை. எல்லாருக்கும் தெரியும் என்பது எனக்கும் தெரியும்.

அன்றே மருத்துவரிடம் நேரில் போனோம். நடந்ததை நானே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. இரண்டாவது மாத்திரையை நிறுத்தினார், முதலாவதையும் குறைத்தார். லேபில் ரத்தம் கொடுத்துவிட்டு வரச் சொன்னார். சாப்பாட்டு வரிசையும் நடையும் நல்லதுதான், தொடரலாம் என்றார். பழைய சோற்றைக் குறை சொல்லவில்லை. நோட்டைத் திரும்பக் கொடுக்கும்போது மட்டும், "இதுல உங்க அறிவியல் எல்லாம் சரி சார்" என்றார். மீதியைச் சொல்லவில்லை.

ஆபரேஷன் அன்று காலை கண் ஆஸ்பத்திரியில் ஒரு சின்னப் பெண் நர்ஸ் கருவியோடு வந்தாள். அண்ணி விரலை மடக்கிக்கொண்டார்.

"கை கழுவுனியாமா?"

"கிளவுஸ் போட்டிருக்கேன் பாட்டி."

"பாட்டியா? சரி. டிபன் இன்னா துன்ன?"

"இன்னும் சாப்பிடல."

"அப்ப குத்து."

நூற்று இருபத்து மூன்று. அண்ணன் அந்த நேரத்தில் கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் இருந்தார். யாரும் அவரை மேலே கூப்பிடவில்லை. உள்ளே போன அண்ணி கண்ணில் கட்டோடு வெளியே வந்தார். வலித்ததா என்று நான் கேட்டதற்கு, "ஒண்ணியும் இல்ல. உங்கூட இருந்ததுதான் கஷ்டம்" என்றார். ஆக, சொல்லிவிட்டார். எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்தது.

சொட்டு மருந்து முடிந்து, மருத்துவர் பார்த்து, இனி ஓட்டலாம் என்று சொன்ன மறுநாள் காலை அண்ணி வண்டியை வெளியே தள்ளினார். முன்னால் பால் கேன். "வா தம்பி, சொசைட்டி வரைக்கும் ஒக்காரு. இந்த மனுசன் வர மாட்டேன்றாரு, பயமாம்" என்றார். எனக்கும் பயம்தான். ஆனால் மாட்டேன் என்று சொல்லும் தகுதியை நான் அந்த வீட்டில் இழந்திருந்தேன். உட்கார்ந்தேன்.

தெருவைத் தாண்டி வயல் ரோட்டுக்கு வந்ததும் வண்டி நல்ல வேகம் எடுத்தது. பேசாமல் வந்திருக்கலாம். கண்ணுக்குள் வைத்திருக்கும் செயற்கை வில்லையை எப்படிச் சுருட்டி, சின்னத் துவாரம் வழியாக நுழைத்து, உள்ளே போனதும் தானாக விரிய வைக்கிறார்கள் என்று விளக்க ஆரம்பித்தேன். பாதி சொல்லியிருப்பேன். வண்டி ஓரமாக நின்றது.

"எறங்கு தம்பி" என்றார் அண்ணி, திரும்பிப் பார்க்காமல். "பால் திரிஞ்சிடும்."

இறங்கினேன். அவர் கியரில்லாத அந்த வண்டியை ஏதோ பந்தயத்துக்குப் போகிறவர்போல் முறுக்கிக்கொண்டு கிளம்பினார். எதிரே கரும்பு லாரி ஒன்று வந்தது. அதற்கு ஒதுங்கி வழிவிட்டு, ஹாரனும் அடித்து, மறுபடி ரோட்டின் நடுவுக்கு வந்தார். கண்ணுக்கு எட்டும்வரை நின்று பார்த்தேன். நேராகத்தான் போனார்.